எலியாவுக்குத் திறக்கும் கதவு

டோர்ட்மண்ட்
31.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் என்னை புளொக் பண்ணி வைத்திருப்பதால் தபாலில் வருகிறேன். கிழித்துப் போடாதேங்கோ. வரும் 12ஆந் தேதி, சனி இரவு எங்களுக்கு யூதப் பாஸ்கா தொடங்குகிறது. பாண் துகள் ஒன்றும் இருக்கக்கூடாது என்று வீடெல்லாம் துடைக்கிறேன். மாமி அரிசியும் உழுந்தும்கூட விலக்கு என்கிறா. எட்டு நாள் சோறில்லை, சிரியுங்கோ!

விருந்தின் நடுவில் எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். இந்த முறை என் கணவர் இல்யா, பயமாயிருக்கிறது, வேண்டாம் என்கிறார். யூதர் என்றாலே தாக்குகிறார்கள், செபக்கூடத்துக்கும் பொலிஸ் காவல். வீட்டில் யன்னல் திரைச்சீலையை விலக்குவதே இல்லை. எனக்கு மூச்சு முட்டுகிறது, அக்கா. நீங்கள் வந்தால் கதவைத் திறக்க ஒரு சாட்டாவது கிடைக்கும். தலியாவுக்கு ஆறு வயதாகிறது. பெரியம்மாவைப் படத்தில்தான் தெரியும்.

தங்கச்சி பிறின்சி

ஹம்
04.04.2025

பிறின்சிக்கு,

சுகம். முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. அத்தானிடம் சொன்னேன், "சோறில்லாத சமயத்துக்கே மாறினவள்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருமுழுக்குப் பெற்ற பிள்ளை, ஒருவனுக்காக எல்லாவற்றையும் விட்டுப் போனது இன்னும் ஆறவில்லை. உன் விருந்துக்கு மறுநாள் குருத்தோலை ஞாயிறு, கோயிலில் வேலை கிடக்கிறது. வரமாட்டேன். கதவை நன்றாகப் பூட்டிக்கொள்.

அக்கா பேர்பெச்சுவா

ஹம்
13.04.2025

பிறின்சி,

நேற்று வந்தேன். அத்தானுக்கும் சொல்லவில்லை. மாவும் அரிசியும் படாத பண்டமென்று தேடி இரண்டு மாம்பழம் கொண்டுவந்தேன். கீழே வாசல் மணிப் பலகையில் குடியிருக்கிற எல்லார் பெயரும் இருந்தது, உங்களுடையது இல்லை. பெயரில்லாத ஒன்றை மூன்று தரம் அமத்தினேன். மேலே யன்னல் திரைச்சீலை அசைந்தது. உடனே வெளிச்சம் அணைந்தது. மாம்பழத்தை றெயினிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

வா என்று எழுதிவிட்டு அவமானப்படுத்த எங்கே படித்தாய்? இனி எழுதாதே.

பேர்பெச்சுவா

டோர்ட்மண்ட்
15.04.2025

என்ரை அக்கா,

மார்கழியில் யாரோ எங்கள் கதவில் கத்தியால் கீறிவிட்டுப் போனார்கள். அன்றே மணிப் பலகையில் இருந்து பெயரைக் கழற்றினோம். அது பழகிப்போய், உங்களுக்கு எழுத மறந்துவிட்டேன்.

மணி அடித்ததும் எல்லாரும் விறைத்துப் போனோம். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். இருட்டில் ஒரு கறுப்புக் கோட்டு நின்றது. என் அக்கா என்று எனக்குத் தெரியவில்லை. பெருநாளில் நாங்கள் விளக்குச் சுவிட்சைத் தொடுவதில்லை, எங்கள் சமயத்தில் அது விலக்கு. அன்று தொட்டு அணைத்தது நான்தான். தலியா, "எலியா வந்திட்டார்!" என்று கத்தினாள். அவள் வாயைப் பொத்தினேன். மூன்றாவது மணி ஓயும்வரை கையை எடுக்கவில்லை.

பெருநாள் முடிந்ததும் ஹம்முக்கு வருவேன். நீங்கள் திறக்காவிட்டால், குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பிறின்சி