அக்கா என்ன செய்வாங்க?

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் தந்த அந்தூரியம் பூத்திருக்கிறது.

சாரி எடுத்தாலும், மாமியாருக்குப் பதில் சொன்னாலும், "அக்கா என்ன செய்வாங்க?" என்றுதான் முதலில் யோசிப்பேன். என் மகள் மதனிக்குக் கண்டியில் பெரிய பாடசாலையொன்றில் இடம் கிடைத்தபோதும் அப்படித்தான். "நம்ம புள்ளைங்க நம்ம ஸ்கூல்லதான் படிக்கணும். நாமளே நம்பாட்டி வேற யாரு நம்புவா?" என்று கம்பளையில் நீங்கள் படிப்பிக்கும் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் பேசினீர்களே, அதை நினைத்து அந்த இடத்தை வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் படிக்கும் உங்கள் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு இன்னும் ஆசிரியர் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

நேற்று கண்டிக்குப் போனபோது கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் உங்கள் மகளைக் கண்டேன். பெரியம்மா வீட்டில் தங்கி, அங்குள்ள தமிழ்ப் பாடசாலையில் படிக்கிறாள் என்றீர்கள். சர்வதேசப் பாடசாலை உடுப்பில், டை கட்டி, வேனுக்கு நின்றாள்.

"எப்ப இருந்தும்மா இந்த ஸ்கூல்?"

"மொதல்ல இருந்தே இதுதான், ஆன்ட்டி."

பிள்ளைக்கு நல்லதைச் செய்தீர்கள். அதை என் காதிலும் போட்டிருக்கலாம்.

மதனி பெரியவளானதும் உங்களைப் போல டீச்சராக வேண்டுமாம். அவளுக்கு என்ன சொல்லட்டும்? இதையாவது நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்ட தங்கச்சி