முடிவுரைப் பாடம்

மாண்புமிகு விரிவுரையாளர் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

பருவத்தின் நடுவில் உங்கள் கட்டுரை வகுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். இப்போது கடைசி வகுப்பை மட்டும் உங்களுக்கு விட்டுவைக்கச் சொல்லித் துறைத்தலைவர் மூலம் தூது விடுகிறீர்கள். பாடத்திட்டத்தில் இறுதி வாரத்துக்கு நீங்கள் போட்டிருந்த தலைப்பு, ‘கட்டுரையை முடிப்பது எப்படி?’ வாய்விட்டுச் சிரித்தேன். சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மனிதர் முடிவைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறாராம்!

அதை அடித்துவிட்டேன். அந்த வாரம் பிள்ளைகள் தங்கள் முதல் பத்தியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவார்கள்.

“சாருக்கு என்ன ஆச்சு மிஸ்?” என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். முன்வரிசையில் ஒருத்தி விடவில்லை. “அப்போ நீங்க ஏன் மிஸ் இளைச்சுப் போயிட்டீங்க?”

வீட்டிலும் அதே பொய்தான். “அப்பாவுக்கு இன்னும் சரியாகலையாம்மா?” என்று நம் மகள் தினமும் கேட்கிறாள்.

பாடம் எடுக்க அவ்வளவு ஆசையென்றால் வாருங்கள். கல்லூரிக்கு அல்ல, வீட்டுக்கு. மகளை எதிரில் உட்காரவைத்து, அந்த முடிவுரைப் பாடத்தை அவளுக்கு நடத்துங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் விட்டுப்போன இரண்டு வகுப்புகளையும் பார்த்துக்கொள்பவள்