அடைக்கோழியும் ஆம்லெட்டும்

கருமத்தம்பட்டி,
ஞாயித்துக்கிழமை

கண்ணு சபரீசுக்கு அம்மா எழுதறது. நாங்க சுகம்னு மொதல்ல எழுதோணும், எழுதிட்டேன். நீயும் மருமக லோகப்பிரியாவும் சுகமான்னு கேக்கோணும், கேட்டுட்டேன். போன்ல பேசுனா நாலு வார்த்தைக்குள்ள செரிம்மான்னு வெச்சுப்போடறே, அதனாலதான் பேனாவ எடுத்தேன்.

போன்ல எத அடிச்சாலும் தேடிக் குடுக்கற உன்ற கம்பெனியப் பத்தி போன மாசம் பெருமை அடிச்சியே, இப்பெல்லாம் நாங்க வெறும் சொல்லப் பாக்கறதில்லைம்மா, கேக்கறவங்க மனசுல இருக்கற அர்த்தத்தப் பாக்கறோம்னு. அடேங்கப்பா! அதையுந்தான் பாத்துப்போடலாம்னு நேத்து போன எடுத்துட்டு உக்காந்தேன். அஞ்சாறு வருசத்துக்கு முந்தி, கோழி முட்டை மேல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டீங்குதுன்னு அடிச்சதுக்கு, முட்டைங்கற ஒத்தச் சொல்லப் புடிச்சுக்கிட்டு ஆம்லெட் போடற வீடியோவா காட்டுச்சு. நேத்து அதையே அடிச்சேன். அடைங்கற சொல்ல நான் எழுதவே இல்ல, உங்க கோழி அடைக்கு உக்காந்திருக்குது, தீனியும் தண்ணியும் பக்கத்துல வெய்யுங்கன்னு சொல்லுது. இதுக்கு இத்தன வருசம், உன்னைய மாதிரி ஆயிரம் இஞ்சினியரு. பக்கத்தூட்டு பழனியாத்தாளக் கேட்டிருந்தா பல்லு வெளக்கிட்டே சொல்லியிருப்பா.

செரி, மிசினு திருந்திருச்சு. நீ? அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி அப்பாவுக்கு முட்டி ஆபரேசன்னு சொன்னப்ப, லீவு போட்டுட்டு அலையாத கண்ணு, நாங்க பாத்துக்கறோம்னேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள செரிம்மான்னுட்டே. ஊட்டுக்கு வந்த ஒறம்பரை, சாப்பாடு ஆச்சுங்க, வேண்டாமுங்கன்னா, செரின்னு சோத்துச் சட்டிய மூடியா வெக்கறோம்? எலையப் போட்டு உக்கார வெக்கறதில்ல? என்ற சோத்தத் தின்னு வளந்தவனுக்கு இது தெரியல. நடக்கறதுக்கு வாக்கர் வாங்கி அனுப்பியிருக்கறே. அதுவும் ஆம்லெட் வீடியோதான் போ.

அந்தப் பொட்டிய அப்பா இன்னும் பிரிக்கல. பையன் வாரானுங்களான்னு டாக்டரு கேட்டதுக்கு, அவனுக்கு அங்க பெரிய வேலைங்கன்னு பெருமையாத்தான் சொன்னாரு. பஸ்ஸுல வர்றப்ப, பன்னெண்டாந்தேதிக்கு இன்னும் எத்தன நாளுன்னு மூணு வாட்டி வெரல் விட்டு எண்ணுனாரு. எனக்குப் பயமா இருக்குது கண்ணு.

குளுருக்குக் காதக் கட்டிக்க. லோகப்பிரியாவ நேரத்துக்குச் சாப்புடச் சொல்லு. அண்ணமார் சாமி உங்க ரெண்டு பேத்தையும் ஒரு குறையும் இல்லாம வெக்கோணும். இதப் படிச்சுப்போட்டு நீ ஒண்ணும் ஓடி வர வேண்டாம். மேல் ரூமக் கழுவி உட்டு, உன்ற மெத்தைய வெயில்ல போட்டு எடுத்து வெச்சிருக்கறேன். அது சும்மா.

இப்படிக்கு,
உன்ற அம்மா
ராசாத்தாள்