நுனி மழுங்கிய லில்லிப்புல்

கோவை, மாணவியர் விடுதி
9.2.2025

அப்பாவின் புது மனைவி விஜயா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் லில்லிப்புல்தான் நலமில்லை என்று கேள்வி. விடுதியில் போனைப் பிடுங்கிவிட்டார்கள், அதனால் குன்னூரில் நடப்பது சரிதாவுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு பாலு எழுதியிருக்கிறான்: நம் வீட்டுப் பின்கரையில் நான் நட்டதெல்லாம் நுனி மழுங்கி நிற்கிறதாம்.

மழையில் அந்த மண்மேட்டுக் கரை சரிந்தபோது, பங்களாத் தோட்டத்தில் கழித்துப் போட்ட தூர்களைக் கேட்டு வாங்கி வந்து நட்டேன். நாலு இலை விட ஒரு வருஷம் எடுத்துக்கொண்ட சோம்பேறிச் செடி. பெயர்தான் லில்லிப்புல், லில்லியும் இல்லை, புல்லும் இல்லை. சில சொந்தங்களும் அப்படித்தான், பெயர் மட்டும் இருக்கும்.

அந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருப்பது அந்தக் கரை ஒன்றுதான். அங்கே குளியலறை கட்டலாம் என்று பொங்கலன்று அப்பா உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நுனியை வெட்டியது யார்?

இப்படிக்கு,
சந்தேகம் தீராத
சரிதா

குன்னூர்
14.2.2025

அன்புள்ள சரிதா பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. நீ அப்படிக் கூப்பிடாட்டியும் நானே போட்டுக்கிறேன். அப்பா நல்லா இருக்காங்க, டீ ஃபேக்டரியில இந்த வாரம் நைட் ஷிஃப்ட். இங்க பனி கடுமை, பாத்திரம் கழுவுனா விரல் விறைச்சுப் போகுது. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியா? பாலு அங்க மேட்ச் ஆட வர்றானாம், டீயில நனைச்சுத் தின்ன வர்க்கி குடுத்து விடுறேன்.

உன் செடிமேல கத்தியோ கத்தரிக்கோலோ படல. சாமி சத்தியம். களை மட்டும் புடுங்குறேன். "லீவுக்கு வர்றதுக்குள்ள கரையை மூடிடணும்"னு போகும்போது செடிகிட்ட சொல்லிட்டுப் போனியே, அது எனக்கும் கேட்டுச்சு. பரீட்சைக்கு நல்லாப் படி.

அன்புடன்,
விஜயா

கோவை
21.2.2025

விஜயா அவர்களுக்கு,

வர்க்கி வந்தது. லஞ்சம் என்று தெரிந்தே தின்றேன். நான் கேட்டபடி பாலு என் செடியின் இலைகளையும் கொண்டுவந்தான்.

ஆடு கடித்தால் நார் நாராகக் கிழியும். நத்தை தின்றால் ஓட்டை விழும். அறைத் தோழிகளோடு லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன்: இது நகம். கத்தி படவில்லை என்று சத்தியம் செய்தீர்களே, கை படவில்லை என்று ஏன் செய்யவில்லை? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்பார்கள். நீங்கள் புல்லைக் கிள்ளிவிட்டு வர்க்கி ஊட்டுகிறீர்கள்.

பின்கரையில் செங்கல் வேறு வந்து இறங்கியிருக்கிறதாம். செடி தானாகச் செத்துவிட்டது என்று சொல்லிவிட்டால் குளியலறைக்கு வழி பிறந்துவிடும், அதுதானே கணக்கு?

லீவுக்கு நான் வரவில்லை. கோத்தகிரி அத்தை வீட்டுக்குப் போகிறேன். இந்த லீவுக்கு மட்டுமில்லை, இனி எல்லா லீவுக்கும். அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சரிதா

குன்னூர்
27.2.2025

சரிதாவுக்கு,

கிள்ளுனது நான்தான்.

உன் வயசுல ஓவேலி எஸ்டேட்ல கூடை மாட்டுனவ நான். தேயிலையில நுனிக் கொழுந்தைக் கிள்ளுனா பக்கத்துல கிளை வெடிச்சு, மேசை போட்ட மாதிரி படரும். உன் செடியானா நட்ட இடத்துலயே நிக்குது. நீ வந்து பாக்கும்போது கரை பச்சைன்னு இருக்கணும்னு, தளிர் வர வரக் கிள்ளி விட்டேன். படரல. நுனிதான் காஞ்சுபோச்சு. பயந்துட்டேன். உங்கப்பாகிட்டச் சொன்னா, "ஆடு தின்னுடுச்சுன்னு எழுதிவிடு"ங்குறாங்க. "ஏனுங்க, நம்மகிட்ட ஏதுங்க ஆடு?"ன்னு கேட்டேன்.

செங்கல் வந்தது நெசம். கரைமேல கட்டுனா அந்தக் குளியலறையில நான் காலெடுத்து வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப எல்லாம் முன்பக்கம் கிடக்கு.

அத்தை ஊட்டுக்குப் போறதுன்னா போ பாப்பா. தடுக்க நான் யாரு? செடி பொழைக்க என்ன செய்யணும்னு மட்டும் எழுது. தொட்டா இன்னும் கெட்டுடுமோன்னு இப்ப களை புடுங்கக்கூட நான் அந்தப் பக்கம் போறதில்ல.

விஜயா

கோவை
8.3.2025

சித்திக்கு,

முதலில் போய்க் களையைப் பிடுங்குங்கள். செடி சாகாது. தேயிலை தலையில் தளிர்க்கும், இது காலில் தளிர்க்கும். தூரிலிருந்துதான் புது இலை வரும். கிள்ளிய இலை கிள்ளியபடியே நிற்கும். ஆகவே இந்த வருஷம் முழுக்க நம் கரைக்கு போலீஸ் கிராப்புதான்.

பழைய இலையை வெட்டுவதென்றால் தளிர் எட்டிப் பார்க்கும் முன்பே வெட்டிவிட வேண்டும். படர வேண்டுமென்றால் தூரைத் தோண்டி, வேரோடு பிரித்து, ஒரு சாண் விட்டு நட வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கோடை மழை விழட்டும், பிரித்து நடலாம். தனியாக ஆரம்பித்துவிடாதீர்கள், உங்கள் கையை எனக்குத் தெரியும்.

பாலுவுக்கு எழுதிக் கேட்டேன். செங்கல் முன்பக்கம் போனது உண்மையாம். அதை நீங்களே தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டதும் உண்மையாம். உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆனால் அவன் உங்கள் வர்க்கியையும் தின்கிற இரட்டை உளவாளி, பாதிதான் நம்ப முடியும். மீதியை நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். பரீட்சை முடிந்த மறுநாள் மத்தியானம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் தூங்கட்டும், நீங்கள் வாருங்கள். பையில் துணி கொஞ்சம், சந்தேகம் நிறைய. தூக்க இன்னொரு கை வேண்டும்.

சரிதா