அண்டாவில் மிதக்கும் ரோஜா இதழ்கள்

அக்கா, நம் மிளகாய் மண்டியில் இப்போது பன்னீர் வாசனை அடிக்கிறது. தும்மாமல் யாரும் வாசல் தாண்டாத இடம், இன்று மியூசியம். நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். முன்கூடத்தில் நம் பித்தளை அண்டா. சுற்றிலும் சிவப்புக் கயிறு. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ்களை மிதக்க விட்டிருக்கிறார்கள். கல்யாண மண்டபம் தோற்றது போ!

அப்பாவுக்குப் பிறகு நீ மண்டியை நடத்திய காலத்திலும் அந்த அண்டா ஒரு நாளும் காய்ந்ததில்லை. கடைவீதியில் மூட்டை தூக்குகிறவர்கள் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து மொண்டு குடிப்பார்கள். எதிர் மண்டிக்காரரோடு நீ முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அவருடைய ஆட்கள் குடித்தது நம் தண்ணீரைத்தான். "சண்டை எங்களுக்குள்ள. தொண்டைக்கு என்னடா சண்டை?" என்பாய்.

கட்டடத்தை மியூசியத்துக்குக் கொடுத்தபோது நீ கேட்டதும் அது ஒன்றுதான். அண்டாவில் தினமும் குடிதண்ணீர் இருக்க வேண்டும். "தாராளமா வைக்கிறோம்மா" என்றார்கள். எழுதி வாங்கு என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "போடா. நம்ம மண்டியில எந்த வியாபாரம் எழுதி நடந்துச்சு? வாய் வார்த்தைதான்" என்றாய். வியாபாரிகளிடம் அந்தப் பேச்சு செல்லும், அக்கா. மியூசியத்திடம் செல்லுமா? எனக்கு முதல் கோபம் உன்மேல்தான்.

பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். "அப்படி எதுவும் ஃபைல்ல இல்லீங்களே சார். பூ போட்டா போட்டோவுக்கு நல்லாருக்குங்க" என்றார். கத்திவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் நம் பழைய சுமைக்காரர் ஒருவரை மறித்துக் காவலாளி டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், பழக்கதோஷத்தில் தண்ணீர் குடிக்க நுழைந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "அக்கா போனதும் தண்ணியும் போயிடுச்சுங்களா?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

இப்போது தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் தண்ணீர் கேன் கொண்டுவந்து மியூசியத்துக்கு வெளியே தெருவோரம் வைக்கிறேன். காவிரிப் பாலம் தாண்டும்போதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். எழுதி வாங்கியிருந்தால் இந்த வயதில் எனக்கு ஏன் இந்தப் பாரம்? வாக்குக் கொடுத்தவர்கள் மறந்துவிட்டார்கள். வாங்கிய நீயும் போய்விட்டாய். பக்கத்தில் நின்று அதைக் காதால் கேட்டவன் நான் இருக்கிறேனே, என்ன செய்ய?