நடக்கும் மீனை ஏலம் எடுத்தவர் மீது முறையீடு

அனுப்புநர்:
செல்வி ஞா. தேவப்பிரியம்,
முன்னாள் விஞ்ஞான ஆசிரியை,
ஞானதீபம் பெண்கள் உயர்நிலைப் பள்ளி,
கல்மண்டபம், இராயபுரம், சென்னை.

பெறுநர்:
பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அவர்கள்,
சென்னை.

பொருள்: பாடப்புத்தகத்தில் உள்ள பரிணாமப் பாடத்தை நடத்தியதற்காக என்னை வேலையிலிருந்து நீக்கி, நடத்தைச் சான்றிதழில் பழியும் எழுதிய கரஸ்பாண்டென்ட் திரு. ராசையா அவர்கள் மீது நடவடிக்கை கோருதல்.

மரியாதைக்குரிய அம்மா,

1. கீழே கையொப்பமிட்டுள்ள நான் மேற்படி பள்ளியில் எட்டு வருடம் விஞ்ஞானம் கற்பித்தவள். ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு வேதபாடமும் சொல்லி வந்தேன். இரண்டையும் ஒரே வாயால்தான் சொன்னேன். எந்த நாளும் வாய் கோணவில்லை. இம்மனு சற்று நீளும். சுருக்கமாக எழுதிப் பள்ளிக் கமிட்டிக்கு அனுப்பியவற்றுக்கு ஒரு வரி பதில்கூட வராததால், இம்முறை எதையும் விடாமல் எழுதுவதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

2. எதிர்மனுதாரரும் பள்ளியை நிர்வகிக்கும் கரஸ்பாண்டென்டுமான திரு. ராசையா அவர்கள் துறைமுகச் சாலையில் கப்பல் கயிறும் சங்கிலியும் விற்கும் பெரிய வியாபாரி. என்னைப் போலவே திருநெல்வேலி ஜில்லாக்காரர். பள்ளிக்குத் தாராளமாகக் கொடுப்பவர் என்பதை நான் மறைக்கவில்லை. கொடுத்த ஒவ்வொன்றிலும் தம் பெயரை எழுதி வைப்பவர் என்பதையும் மறைக்க முடியாது. பெஞ்சுகளின் முதுகில், சுவர்க்கடிகாரத்தில், தண்ணீர்ப் பானையின் மரமூடியில், பள்ளி மணியில் எல்லாம் "உபயம்: ராசையா" என்று இருக்கும். மணியின் நாக்கில் எழுத இடமில்லாததால் அது மட்டும் தப்பித்தது.

3. நான் பல தடவை கெஞ்சிக் கேட்டது விஞ்ஞான வகுப்புக்கு ஓர் அலமாரி. அலமாரி உள்ளே ஒரு மூலையில் நிற்கும், வருகிறவர் போகிறவர் கண்ணில் படாது. ஆகையால் அது கிடைக்கவில்லை. பாட சாமான்களை நான் பள்ளி மண்டபத்து ஜன்னல் மேடையில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னால் நடந்த அத்தனைக்கும் மூலகாரணம் இந்த அலமாரிதான் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ளக் கோருகிறேன்.

4. சென்ற செப்டம்பரில், கமிட்டியார் தாங்களே அங்கீகரித்த புத்தகத்தில் உள்ளபடி, உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வந்த பாடத்தை நடத்தினேன். எண்ணூரிலிருந்து ரயிலில் வந்து படிக்கும் பவுனம்மாள் என்ற மாணவி, கழிமுகச் சேற்றில் துடுப்பை ஊன்றி நடக்கும் சிறு மீன்கள் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தண்ணீரை விட்டு வெளியே வந்து, சேற்றில் உட்கார்ந்து கண்ணை உருட்டிப் பார்க்கும் மீன் அது. அவை செத்த பிறகு மிட்டாய்க்கடைக் கண்ணாடி ஜாடி ஒன்றில், அழுகாமல் காக்கும் ஆனால் வாயில் பட்டால் விஷமான மருந்துத் தண்ணீர் ஊற்றி அவற்றைப் போட்டு வைத்தேன். இந்த மீனே மனிதனாயிற்று என்று நான் சொல்லவில்லை. தண்ணீருக்கும் தரைக்கும் நடுவே இப்படியும் ஒரு பிழைப்பு உண்டு, வெகு காலத்துக்கு முன் வேறு ஏதோ மீன்கள் இப்படித் தொடங்கியிருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

5. ஜன்னத் என்ற மாணவி எழுந்து, அப்படியானால் ஆதாம் நபி என்ன ஆனார் டீச்சர் என்று கேட்டாள். நல்ல கேள்வி. வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. நான் சொன்ன பதிலை அப்படியே இங்கே எழுதுகிறேன், ஏனெனில் இதை வைத்துத்தான் என் பிழைப்பில் மண் போட்டார்கள்: "ஆண்டவர் ஆறு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார் என்று சின்ன வயதில் நினைத்து எனக்கு ஏக்கமாக இருக்கும். இந்தப் பாடம் படித்த பிறகுதான், அவர் இன்னும் வேலையை முடிக்கவில்லை, இங்கேதான் எங்கேயோ பக்கத்தில் இருக்கிறார் என்று தைரியம் வந்தது. இது என் மனசு. உன் மனசுக்கு நீ உன் வீட்டில் கேள், நீயும் யோசி." இதில் தெய்வ நிந்தனை எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தாங்களே சொல்ல வேண்டும்.

6. அக்டோபரில் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது. தாங்கள் அறியாமல் இருக்கலாம் என்பதால் விளக்குகிறேன். அன்று விசுவாசிகள் அரிசி, வாழைத்தார், கோழி, பலகாரம், ஊறுகாய் என்று தங்களால் இயன்றதைக் காணிக்கையாகப் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். ஆண்டவருக்குப் படைத்ததாகையால் விலை ஏற ஏற மரியாதை. எடுத்த பொருளைத் தம் கையாலேயே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்; வேண்டாமென்று விட்டுவிட்டுப் போவது பெரிய அவமரியாதை. எங்கள் சபைக் கோயிலின் கூரையில் வேலை நடந்ததால் இம்முறை பண்டிகை பள்ளி மண்டபத்தில் நடந்தது.

7. நடந்த தவறு இதுதான். காணிக்கைகளை மேசையில் அடுக்கிய கோயில் பணியாளர், ஜன்னல் மேடையில் இருந்த என் ஜாடியையும் எலுமிச்சை ஊறுகாய்க்குப் பக்கத்தில் தூக்கி வைத்துவிட்டார். மஞ்சள் தண்ணீரில் மீன் மிதந்தால் எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஊர் மீன் ஊறுகாய் வந்திருக்கிறது என்று ஒரே பரபரப்பு. திரு. ராசையா ஒரு பக்கமும், கருவாட்டு மொத்த வியாபாரி திரு. அய்யாத்துரை மறுபக்கமும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றினார்கள். இருவருக்கும் வியாபாரத்தில் பழைய பகை. நான் சமையல் பக்கத்தில் இருந்தேன். கூச்சல் கேட்டு வந்து பார்த்தபோது ஏலம் முடிந்திருந்தது. திரு. ராசையா பணத்தை எல்லாரும் பார்க்க எண்ணிக் கொடுத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி வாயருகே கொண்டுபோயிருந்தார்.

8. அப்போது பவுனம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்: "ஐயா, ஐயா, அத்தத் துன்னாதீங்க! அது எங்க சயின்சு மீனு! சேத்துல நடந்துகினு இருந்துச்சே, அது!" அந்தக் குழந்தை அவர் உயிரைக் காப்பாற்றினாள் என்றே சொல்வேன். அதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்கும் தண்டனை.

9. திரு. அய்யாத்துரை அந்தப் பாடத்தைப் பற்றித் தம் மகள் மூலம் கேள்விப்பட்டிருக்கிறார் போலும். அவர் நிதானமாக, "அண்ணாச்சி, ஊறுகாய்ன்னுல்லா நினைச்சோம். நீங்க உங்க பூட்டனையில்லா ஏலத்துல எடுத்திருக்கிய" என்றார். குருவானவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறுக்கவுமில்லை, அதற்காக வருந்தவுமில்லை. திரு. ராசையா மீனை ஜாடியில் போட்டார், என்னை மட்டும் பார்த்தார், ஜாடியை மேசையிலேயே விட்டுவிட்டு நடந்தார்.

10. மறுநாள் காலையிலேயே விசாரணை என்று அழைத்தார்கள். குரங்கிலிருந்தும் மீனிலிருந்தும் மனிதன் பிறந்தான் என்று போதித்தேன், தேவ சந்நிதியில் அசுத்தத்தை வைத்தேன், முகமதியப் பெற்றோர் ஒருவர் புகார் செய்திருக்கிறார் என்று மூன்று குற்றங்கள். முதலாவதற்குப் புத்தகத்தைக் காட்டினேன். இரண்டாவதற்கு அலமாரியைக் கேட்டேன். மூன்றாவதற்குப் பெயர் கேட்டேன். ஜன்னத்தின் தகப்பனார், தண்டையார்பேட்டையில் விறகுத் தொட்டி வைத்து வியாபாரம் செய்யும் தாவூது பாய் என்றார்கள். பதில் சொல்ல விடாமல் அன்று மாலையே என்னை நீக்கினார்கள்.

11. செய்தி கேட்டு தாவூது பாய் விறகுத்தூள் படிந்த சட்டையோடு பள்ளிக்கு வந்தார். அந்தப் பாடம் தமக்குச் சம்மதமில்லை என்றும், மகளுக்கு வீட்டில் வேறு விதமாகச் சொல்லியிருப்பதாகவும் என்னிடமே முகத்துக்கு நேராகச் சொன்னார். அதன்பின் கரஸ்பாண்டென்ட் அறை வாசலில் நின்று சொன்னது: "எங்க ஆதாம் நபிய எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும். எம் பொண்ணு கேள்வி கேட்டா, டீச்சரு பதில் சொன்னாங்க. அதுல உனக்கு இன்னா பேஜாரு? எம் பேரச் சொல்லிப் பிராது குடுக்க நீ யாரு?" உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

12. வேலை போனதோடு விட்டிருந்தால் ஒருவேளை நானும் அழுது ஓய்ந்திருப்பேன். என் நடத்தைச் சான்றிதழில், "பிள்ளைகளின் கடவுள் நம்பிக்கையைக் குலைக்கும் இயல்புடையவர்" என்று தம் கைப்பட எழுதியிருக்கிறார். திருவொற்றியூரிலும் வண்ணாரப்பேட்டையிலும் வேலை கேட்டுப் போனேன். முகம் மலர வரவேற்றவர்கள் அந்த வரிக்கு வந்ததும் சான்றிதழை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வரி இருக்கும்வரை இந்த ராஜ்யத்தில் எந்தப் பள்ளியிலும் எனக்குச் சோறு இல்லை. ஞாயிறு பள்ளியிலிருந்தும் நிறுத்தப்பட்டேன். கோயிலில் நான் உட்காரும் வரிசையில் இப்போது பெண்கள் சற்றுத் தள்ளி உட்காருகிறார்கள். தற்போது தாவூது பாய் வீட்டு முன்கட்டில் ஜன்னத்துக்கும் அண்டை வீட்டுப் பெண்களுக்கும் பாடம் சொல்லி வயிறு வளர்க்கிறேன்.

13. மேலும் ஒரு கொடுமை. அந்தப் பாடம் உள்ள பக்கங்களைப் பசை போட்டு ஒட்டும்படி திரு. ராசையா உத்தரவிட்டு, தாமே நின்று பார்த்திருக்கிறார். பிள்ளைகள் வீட்டில் சோறு கொதிக்கும் ஆவியில் காட்டிப் பக்கங்களைப் பிரித்துப் படிப்பதாகக் கேள்வி. நான் நடத்திய எட்டு வருடத்தில் எந்தப் பாடத்தையும் அவர்கள் இவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. ஆனால் ஆவியில் எல்லாப் பக்கமும் பிரிவதில்லை, கிழிந்தும் போகின்றன. பரீட்சை நெருங்குகிறது.

14. மன்னித்துவிடு, கிறிஸ்தவப் பெண்ணுக்கு அதுதான் அழகு என்று குருவானவர் வீடு தேடி வந்து சொன்னார். மன்னிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தண்டனை முதலில் நடக்கட்டும், மன்னிப்பு அதன் பின்னால் வரட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். அம்மா, எனக்குக் கோபம் தீரவில்லை. தினமும் ஜெபத்தில் அந்த மனிதர் பெயரைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். இதை ஒரு சர்க்கார் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து பின்வருமாறு உத்தரவிட வேண்டுகிறேன்.

(அ) சான்றிதழில் உள்ள அந்த வரியைத் திரு. ராசையா தம் கையாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புதுச் சான்றிதழ் எனக்கு வேண்டாம். அவர் எழுதியதை அவரே அடித்திருப்பதை நான் போகுமிடமெல்லாம் எல்லாரும் பார்க்க வேண்டும்.

(ஆ) என்னைத் திரும்ப வேலையில் அமர்த்தி, ஒட்டிய பக்கங்களுக்குப் பதில் புதுப் புத்தகங்கள் அவர் செலவில் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

(இ) அந்தப் பாடத்தை நான் மறுபடி நடத்தும் நாளில் தாங்கள் பள்ளியைப் பார்வையிட வர வேண்டும். அப்போது கரஸ்பாண்டென்ட் என்ற முறையில் திரு. ராசையா முதல் பெஞ்சில், பவுனம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கையைத் தூக்கிக் கேட்கலாம். ஜன்னத்துக்குச் சொன்ன மாதிரியே அவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வேன்.

(ஈ) பண்டிகைச் சாமான்களோடு பணியாளர் எடுத்துப்போன மேற்படி மீன் ஜாடி, இன்றுவரை கோயிலில் குருவானவர் அங்கி மாற்றும் உடுப்பறை மேசையின் கீழ் கிடக்கிறது. ஆண்டவருக்குப் படைத்து, ஏலம் விட்டு, பணமும் செலுத்தப்பட்ட பொருளாகையால் அதன் பிறகு அதைத் தொட யாருக்கும் துணிவில்லை. அது சட்டப்படியும் சபை வழக்கப்படியும் திரு. ராசையாவுக்குச் சொந்தம். அவர் அதை எல்லாரும் பார்க்க இரண்டு கையாலும் ஏந்தி வந்து பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுக்க வேண்டும். கூடவே நான் எட்டு வருடமாகக் கேட்கும் அலமாரியும் வர வேண்டும், கண்ணாடிக் கதவு போட்டதாக.

ஜாடியின் மேல் நல்ல பெரிய எழுத்தில், அவர் வழக்கப்படியே, "உபயம்: ராசையா" என்று எழுதி ஒட்டும் பொறுப்பை நானே ஏற்கிறேன். இனி இந்தப் பள்ளியில் படிக்க வரும் ஒவ்வொரு பெண்ணும் அந்த மீனையும் அந்தப் பெயரையும் சேர்த்தே படிக்கட்டும். அது நடந்த அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் அவரை மனதார மன்னித்துவிடுகிறேன்.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
ஞா. தேவப்பிரியம்

இடம்: இராயபுரம்
நாள்: 19-1-1953

இணைப்பு: நடத்தைச் சான்றிதழின் நகல் ஒன்று.

இம்மனுவின் நகல் பெறுவோர்:
திரு. ராசையா அவர்கள், கரஸ்பாண்டென்ட் - தகவலுக்காக.
திரு. அய்யாத்துரை அவர்கள், கருவாட்டு வியாபாரம் - உரக்கப் படித்துக் காட்டுவதற்காக.