மைனி தின்னவிருந்த நட்சத்திரம்

டிசம்பர் 23, செவ்வாய்.

பக்கத்து வீட்டுக் கோமதி மைனி, முட்டை விற்கிற கடையில் உப்புகூட வாங்க மாட்டார். அதனால் கிறிஸ்துமஸ் தட்டுக்கு முட்டை சேர்க்காமல் நட்சத்திர பிஸ்கட் சுட்டு, வெள்ளை ஐசிங்கால் ஓரம் வரைந்து கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது: ஐசிங்கே முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்தது!

ஈரக்கையோடு ஓடினேன். மைனி ஒன்றை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

"தின்னுராதிய மைனி! மேல வெள்ளையா இருக்கதுல முட்டை இருக்கு."

பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏட்டி ஜெபா, நீ சொல்லலேன்னா எனக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே மைனி."

"அப்போ வேற செஞ்சு கொண்டா. நாலு கூடவே வையி."

சர்க்கரைத் தூளில் எலுமிச்சை பிழிந்து இப்போதுதான் வரைந்து முடித்தேன். கோடு முன்னதைவிட நேராக வந்திருக்கிறது. காலையில் மைனி தின்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.